கரண்ட் நின்றாலும் அறாத வேலை: வன்னியில் இருந்து நிரல் எழுதுவோருக்கான கட்டளைவரி வழிகாட்டி

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு கடல் கடந்த சேர்வர்களில் வேலை செய்த எங்களுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது: கட்டளைகளைத் தட்டிக் கணினியை இயக்கும் கட்டளைவரியைப் பற்றி நாங்கள் படித்திருந்த குறிப்புகள் எல்லாம் மின்சாரமும் இணையமும் ஒருபோதும் நிற்காது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. இப்போது நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் மாரியில் ஒரு மரக்கிளை கம்பியில் சாய்ந்தால் ரூட்டர் நின்றுவிடும். மடிக்கணினியின் மின்கலத்தையும் கைப்பேசியின் 4ஜி இணைப்பையும் நம்பித்தான் மிச்ச வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு கட்டளையிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன்: இடையில் அறுந்தால் எங்கிருந்து தொடரலாம்?

கட்டளைகளைத் தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி டாப் விசையை இரண்டு தரம் அழுத்துங்கள். பொருந்தும் கட்டளைகள் வரிசையாக வரும். ஒரு கட்டளையின் விளக்கம் வேண்டுமானால் 'மேன்' என்று தட்டி, இடைவெளி விட்டு, அதன் பெயரைத் தட்டுங்கள். கையேடு உங்கள் கணினியிலேயே இருப்பதால் இணையம் இல்லாத நேரத்திலும் திறக்கும்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு வேறு ஆயத்தம் தேவையில்லை. தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்; மக்கில் அது இயல்பாக இசட்எஸ்எச், இங்கே சொல்பவை பாஷ் ஷெல்லுக்கு உரியவை. ஆகவே மக்கில் முதலில் 'பாஷ்' என்று தட்டி அதற்குள் போங்கள். விண்டோஸில் இருப்பவர்கள் பவர்ஷெல்லை நிர்வாகி உரிமையுடன் திறந்து 'டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்' என்று கொடுத்தால் உபுண்டு வந்து சேரும். பதிவிறக்கம் பெரியது, இரவு டேட்டா உள்ள பக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் செய்யுங்கள்.

முதற்படி: ஷெல்லின் ஞாபகத்தைக் காப்பாற்றுதல்

பாஷ் ஷெல் நீங்கள் தட்டும் கட்டளைகளை நினைவகத்தில் சேர்த்து வைத்திருந்து, ஷெல் ஒழுங்காக மூடப்படும்போதுதான் வீட்டு அடைவில் உள்ள '.பாஷ்_ஹிஸ்டரி' என்ற கோப்பில் எழுதுகிறது. சட்டென்று கரண்ட் போனால் ஒழுங்காக மூடுவதற்கு அவகாசம் ஏது? மேசைக் கணினியில் காலை முழுவதும் யோசித்து யோசித்துக் கட்டிய நீளமான கட்டளைகள் அத்தனையும் போய்விடும். இதைத் தடுக்க '.பாஷ்ஆர்சி' கோப்பின் இறுதியில் 'ப்ராம்ப்ட்_கமாண்ட்' என்ற மாறியைப் பேரெழுத்தில் எழுதி, சமக்குறி இட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் 'ஹிஸ்டரி -ஏ' என்று கொடுங்கள். அதன் பின்னர் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அந்த வரி உடனே கோப்பில் சேர்க்கப்படும். கரண்ட் போவதற்கு முந்திய சில விநாடிகளில் தட்டியது வட்டில் ஏறாமல் போகலாம்; ஆனால் காலை முழுவதும் போகாது.

உபுண்டுவின் '.பாஷ்ஆர்சி' கோப்பில், பேரெழுத்தில், 'ஹிஸ்ட்சைஸ்' 1000 என்றும் 'ஹிஸ்ட்ஃபைல்சைஸ்' 2000 என்றும் இருக்கும். இரண்டையும் 100000 ஆக்கிவிடுங்கள். இவ்வளவு வரிகளும் சில மெகாபைட்டுகளுக்கு மேல் போகாது. கடவுச்சொல் போன்ற இரகசியம் கலந்த கட்டளையை ஓர் இடைவெளியுடன் தொடங்கினால் அது ஹிஸ்டரியில் சேராது. உபுண்டுவில் அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

சேமித்ததைத் தேடி எடுக்க கன்ட்ரோல் விசையுடன் ஆர் அழுத்தி, பழைய கட்டளையின் நடுவில் இருந்த ஏதாவது ஒரு சொல்லைத் தட்டுங்கள். மீண்டும் ஆர் அழுத்தினால் அதற்கு முந்தியது வரும். மேல் அம்புக்குறியை நாற்பது தரம் அழுத்தித் தேடும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது.

விசைக் குறுக்குவழிகளில் ஐந்தை மட்டும் கைக்குப் பழக்கினால் போதும். கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்கும், கன்ட்ரோல் ஈ முடிவுக்கும் கொண்டுபோகும். கன்ட்ரோல் டபிள்யூ முந்திய சொல்லை வெட்டும். கன்ட்ரோல் யூ தொடக்கம் வரை வெட்டும். வெட்டியதை கன்ட்ரோல் வை திரும்ப ஒட்டும். தூரச் சேர்வரில் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அங்கே போய்த் திரும்பி வந்த பிறகே திரையில் தெரிகிறது. வேகமான இணைப்பில் இது உறைக்காது. மழை நேரத்து 4ஜி இணைப்பில் ஒரு போக்குவரத்துக்கு அரை விநாடி எடுத்தால், முப்பது எழுத்தை ஒவ்வொன்றாக அழிப்பது ஒரு தவமாகிவிடும். கன்ட்ரோல் யூ அதை ஒரே பயணத்தில் முடித்துவிடும்.

அதிநீளமான கட்டளை என்றால் கன்ட்ரோலைப் பிடித்தபடி எக்ஸ், பிறகு ஈ அழுத்துங்கள். அந்த வரி எடிட்டரில் திறக்கும். திருத்திச் சேமித்து வெளியேறியதும் அது ஓடத் தொடங்கிவிடும் என்பதால், ஓட வேண்டாம் என்று நினைத்தால் வரியை முழுவதும் அழித்துவிட்டு வெளியேற வேண்டும்.

இரண்டாம் படி: சேர்வருக்குப் போகும் வழி

தூரச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் கருவி எஸ்எஸ்எச். வீட்டு அடைவில் '.எஸ்எஸ்எச்' என்ற அடைவுக்குள் 'கொன்ஃபிக்' என்ற கோப்பைத் திறந்து, சேர்வருக்கு ஒரு சிறு பெயர் சூட்டுங்கள். 'ஹோஸ்ட்' வரியில் அந்தப் பெயர். 'ஹோஸ்ட்நேம்' வரியில் முகவரி. 'யூசர்' வரியில் பயனர் பெயர். இத்துடன் 'சேர்வர்அலைவ்இன்டர்வல் 30' என்று ஒரு வரி சேருங்கள். கைப்பேசி வலையமைப்புகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும் இணைப்பைத் தாமாகவே மறந்துவிடும் இயல்புள்ளவை. 30 விநாடிக்கு ஒரு தரம் தட்டிப் பார்ப்பதால் இணைப்பு உயிரோடிருக்கும். மூன்று தட்டலுக்குப் பதில் வராவிட்டால், ஏறத்தாழ 90 விநாடியில், இணைப்பு அறுந்தது என்று திரை உங்களுக்குச் சொல்லும்.

அதற்குள் திரை உறைந்து எந்த விசைக்கும் அசையாவிட்டால் சாளரத்தை மூடத் தேவையில்லை. என்டர் அழுத்தி, அலைக்குறி (~) இட்டு, முற்றுப்புள்ளி இடுங்கள். செத்த இணைப்பை எஸ்எஸ்எச் தானே கைவிட்டு உங்கள் கணினிக்குத் திரும்பும். இந்த மூன்று விசைகளையும் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பல வருடங்களாகச் சாளரத்தை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

ஒரே சேர்வருக்கு அடிக்கடி போய்வருவோர் 'கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ', 'கன்ட்ரோல்பெர்சிஸ்ட் 10எம்' ஆகிய இரு வரிகளையும், 'கன்ட்ரோல்பாத்' வரியில் ஒரு கோப்புப் பெயரையும் சேர்த்தால், முதல் இணைப்பைப் பத்து நிமிடம் வரை அடுத்தடுத்த கட்டளைகளும் பகிர்ந்துகொள்ளும்; ஒவ்வொரு தரமும் புதிதாகக் கைகுலுக்கும் நேரம் மிச்சமாகும். முதல் இணைப்பு உறைந்தால் எல்லாமே உறையும் என்பது இதன் குறை. அப்போது 'எஸ்எஸ்எச் -ஓ எக்ஸிட்' என்று, ஓவைப் பேரெழுத்தாக இட்டு, சேர்வரின் சிறு பெயருடன் கொடுத்தால் பழைய இணைப்பு கலையும்.

மூன்றாம் படி: வேலையைச் சேர்வரிலேயே விட்டுவருதல்

எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால் அதற்குள் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் பெரும்பாலும் சேர்ந்தே சாகும். அமர்வைச் சேர்வரிலேயே திறந்து வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற கருவி இதற்கான மருந்து. சேர்வருக்குள் போனதும் 'டிமக்ஸ் நியூ -ஏ -எஸ் வேலை' என்று கொடுங்கள்; இதில் ஏ மட்டும் பேரெழுத்து. 'வேலை' என்ற பெயரில் அமர்வு ஏற்கெனவே இருந்தால் அதற்குள் போகும், இல்லாவிட்டால் புதிதாக உருவாக்கும். விரும்பி வெளியேற கன்ட்ரோல் பி அழுத்தி விட்டு, பிறகு டி அழுத்துங்கள். விரும்பாமல் வெளியேறவோ கரண்ட் போனாலே போதும்! இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: உள்ளே ஓடிய வேலை தொடர்ந்து ஓடும், திரும்பிவந்து அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருப்பீர்கள்.

இதை மறக்காமல் செய்ய ஒரு வழி, 'கொன்ஃபிக்' கோப்பில் 'ரிமோட்கமாண்ட்' என்ற வரியில் மேற்படி டிமக்ஸ் கட்டளையையும், அடுத்த வரியில் 'ரிக்வெஸ்ட்டிடிவை யெஸ்' என்பதையும் இடுவது. இங்கே ஒரு பொறி உண்டு. அந்தப் பெயருக்கு இனி கோப்பு அனுப்பும் ஆர்சிங்க், எஸ்சிபி, நிரல்களின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் எதுவும் போக முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு கட்டளையை ஏற்க முடியாது என்று எஸ்எஸ்எச் மறுத்துவிடும். எனவே ஒரே முகவரிக்கு இரண்டு பெயர்கள் வையுங்கள்: இருந்து வேலை செய்ய ஒன்று, கோப்பு அனுப்ப இன்னொன்று.

இணைப்பு அடிக்கடி ரூட்டருக்கும் கைப்பேசிக்கும் மாறுமானால் மொஷ் என்ற கருவியையும் நிறுவிப் பாருங்கள். உங்கள் ஐபி முகவரி மாறினாலும் அது விடாது. தட்டிய எழுத்தைச் சேர்வர் பதில் சொல்லும்வரை காத்திராமல் ஊகித்துக் காட்டும். சேர்வரின் தீச்சுவரில் யூடிபி 60000 முதல் 61000 வரையான வாயில்களைத் திறந்திருக்க வேண்டும் என்பதால் சில நிறுவனங்களில் அனுமதி கிடைக்காது.

நான்காம் படி: அரைவாசியில் நின்ற கோப்புகள்

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் ஒருநாள் இரவு அழைத்து, "அண்ணா, கிட் குளோன் எண்பது வீதத்தில நிண்டிட்டுது. திரும்பக் குடுத்தா முதலில இருந்து துவங்குது," என்றார். அவர் செய்ததில் பிழையில்லை. ஒரு கிட் களஞ்சியத்தை முழு வரலாற்றுடன் பிரதியெடுக்கும் கிட் குளோனுக்கு விட்ட இடத்தில் தொடரத் தெரியாது. அறுந்தால் வந்தது எல்லாம் வீண். ஆகவே பெரிய களஞ்சியத்தை ஒரே மூச்சில் இழுக்காமல், முதலில் 'கிட் குளோன் --டெப்த் 1' என்று கொடுத்து, முகவரியை இட்டுக் கடைசி நிலையை மட்டும் எடுங்கள். பிறகு அந்த அடைவுக்குள் போய் 'கிட் ஃபெட்ச் --டீப்பன்=200' என்று கொடுத்தால் வரலாறு மேலும் இருநூறு கமிட் (பதிவுசெய்த மாற்றம்) ஆழத்துக்கு நீளும். இதைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஒரு தரம் அறுந்தால் அந்த ஒரு துண்டுதான் போகும், முன்பு வந்தவை பத்திரமாக இருக்கும். கடைசியில் 'கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ' மிச்சத்தைக் கொண்டுவரும். முழு வரலாறும் உண்மையில் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பாடத்துக்கான பயிற்சிக்கு டெப்த் 1 போதும்.

தனிக் கோப்புகளின் பதிவிறக்கத்துக்கு 'டபிள்யூகெட் -சி' அல்லது 'கேர்ள் -சி - -ஓ' பயன்படும். கேர்ளில் சியும் ஓவும் பேரெழுத்து, நடுவில் உள்ள தனிக் கோடு 'எங்கே நின்றது என்பதை நீயே கண்டுபிடி' என்பதற்கு. இரண்டும் மறுமுனைச் சேர்வர் இடமளித்தால் விட்ட இடத்தில் தொடரும்.

கணினிகளுக்கிடையே அனுப்ப ஆர்சிங்க் இருக்கும்போது எஸ்சிபியை நான் தொடுவதில்லை. 'ஆர்சிங்க் -ஏவிஇசட்' என்று தொடங்கி, '--பார்ஷல்-டிர்=.பாதி' என்று சேர்த்து, '--டைம்அவுட்=60' என்றும் கொடுங்கள். வெறும் '--பார்ஷல்' கொடுத்தால் அரைகுறைக் கோப்பு முழுக் கோப்பின் பெயரிலேயே போய் உட்கார்ந்துவிடும். பார்ப்பவர் முழுமையானது என்று நம்பிவிடுவார். தனி அடைவு கொடுத்தால், முழுவதும் வந்துசேர்ந்த பிறகுதான் உரிய இடத்துக்கு மாறும். அனுப்பும் அடைவின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இடாவிட்டால் அடைவும் சேர்ந்து போகும். மூலத்தில் இல்லாதவற்றை மறுமுனையில் அழிக்கும் '--டிலீட்' சேர்க்கும் நாளில் முதலில் '-என்' கொடுத்து ஒத்திகை பாருங்கள்.

இணைப்பு வரும்வரை தானே முயன்றுகொண்டிருக்க, ஆர்சிங்க் கட்டளைக்கு முன்னால் 'அன்டில்' என்றும், பின்னால் அரைப்புள்ளி இட்டு 'டூ ஸ்லீப் 30; டன்' என்றும் எழுதுங்கள். வெற்றி கிடைக்கும்வரை அரை நிமிடத்துக்கு ஒரு தரம் முயலும். அடைவின் பெயரைப் பிழையாக எழுதினால் அந்த வெற்றி ஒருநாளும் வராது, அது முயன்றுகொண்டே இருக்கும். முதற்சுற்றைக் கூட இருந்து பார்த்துவிட்டு எழும்புங்கள்.

ஐந்தாம் படி: பாதியில் செத்தாலும் கெடுக்காத ஸ்கிரிப்ட்

நெல் கொள்வனவுக் கணக்கு வைத்திருந்த ஒரு சிறிய இடத்துக்கு நான் எழுதிக்கொடுத்த காப்புப் பிரதி ஸ்கிரிப்ட் ஒரே வரிதான்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை 'பிஜி_டம்ப்' மூலம் எடுத்து, > குறியால் ஒரு கோப்பில் எழுதுவது. மாதக்கணக்காக ஓடியது. காலபோக அறுவடை நேரத்தில் ஓர் இரவு அது ஓடும்போதே கரண்ட் போனது. காலையில் தரவுத்தளம் தானாகவே மீண்டு எழுந்தது. காப்புப் பிரதிதான் போய்விட்டது. > குறி, எழுதத் தொடங்குவதற்கு முன்பே பழைய கோப்பை வெறுமையாக்கிவிடும். ஆகவே எங்களிடம் இருந்தது முந்திய நாளின் நல்ல பிரதியும் அல்ல, அன்றைய முழுப் பிரதியும் அல்ல, பாதியில் முறிந்த ஒரு கோப்பு. அன்று தரவுத்தளமும் கெட்டிருந்தால் கணக்குக் கொப்பிகளில் இருந்துதான் திரும்ப எழுதியிருக்க வேண்டும்.

திருத்தி எழுதிய ஸ்கிரிப்டை வரிவரியாகச் சொல்கிறேன். முதல் வரி வழக்கமான ஷெபாங்: #! இட்டு, '/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்'. இரண்டாம் வரி 'செட் -இயுஓ பைப்ஃபெயில்'. இதில் இ, கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும். யு, மதிப்பிடாத மாறியைப் பயன்படுத்தினால் நிறுத்தும். வெற்று மாறியுடன் ஓர் அழிப்புக் கட்டளை ஓடினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பைப்ஃபெயில் இங்கே மிக முக்கியம். டம்ப் தோற்றாலும் அதன் பின்னால் குழாயில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறியில்) நிற்கும் சுருக்கும் கருவியான 'ஜிசிப்' ஒன்றும் தெரியாமல் ஒரு செல்லுபடியான வெற்றுக் கோப்பைச் செய்துவிட்டு வெற்றி என்று சொல்லும். குழாயின் எந்தக் கண்ணி தோற்றாலும் முழுவதும் தோல்வி என்று கொள்ளவைப்பது இந்த வரி.

மூன்றாம் வரியில் 'எம்கேடெம்ப்' கொண்டு, காப்புப் பிரதிகள் இருக்கும் அதே அடைவிலேயே ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குகிறோம். நான்காம் வரியில் 'ட்ராப்' வைத்து, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அந்தக் கோப்பை அழிக்கச் சொல்கிறோம். ஆனால் கரண்ட் போகும்போது ட்ராப் ஓடாது, எனவே பழைய தற்காலிகக் கோப்புகளை இடைக்கிடை கையால் துப்புரவாக்க வேண்டும். ஐந்தாம் வரி டம்பை ஜிசிப் வழியாகத் தற்காலிகக் கோப்பில் எழுதுகிறது. ஆறாவது 'ஜிசிப் -டி': கோப்பு நடுவில் முறிந்திருந்தால் இது கண்டுபிடித்து ஸ்கிரிப்டை நிறுத்தும். ஏழாவது 'சிங்க்', கோப்பை உண்மையில் வட்டில் இறக்கிவிடும். எட்டாவது 'எம்வி', இன்றைய திகதி கொண்ட பெயருக்கு மாற்றும். ஒரே கோப்புமுறைமைக்குள் பெயர் மாற்றுவது பிரிக்க முடியாத செயல். ஒன்றில் பெயர் மாறியிருக்கும், அல்லது மாறியிராது. பாதி என்ற நிலை இல்லை. தற்காலிகக் கோப்பை அதே அடைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வேறு வட்டில் இருந்தால் எம்வி கொப்பி எடுக்கத் தொடங்கிவிடும்.

விண்டோஸ் எடிட்டரில் எழுதிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் புரியாத பிழையுடன் நின்றால், வரி முடிவுக் குறிகளைச் சந்தேகியுங்கள். 'டொஸ்2யூனிக்ஸ்' ஒரு நொடியில் சரிசெய்யும்.

இந்த ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் குரொனில் இரவு இரண்டு மணிக்குப் போட்டால் இன்னொரு சிக்கல் உண்டு: அந்த நேரத்தில் கணினி நின்றிருந்தால் குரொன் அந்த நாளை மறந்துவிடும். அதற்குப் பதிலாக சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்=ட்ரூ' (முதலெழுத்து மட்டும் பேரெழுத்து) என்ற வரி இருந்தால், தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் செய்யும். எது எப்போது ஓடியது என்பதை 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' காட்டும்.

ஆறாம் படி: டேட்டாவைச் செலவழிக்காமல் பதிலை மட்டும் எடுத்தல்

யார் யார் வந்தார்கள் என்று சேர்வர் குறித்துவைக்கும் 500 மெகாபைட் அணுகல் பதிவேட்டைக் கைப்பேசி டேட்டாவில் இறக்கி, எடிட்டரில் திறந்து தேடுபவர்களைக் கண்டிருக்கிறேன். எண்ணும் வேலையைச் சேர்வரே செய்யட்டும். 'ஓக்' கட்டளையால் முதல் நிரலை (ஐபி முகவரி இருக்கும் பத்தியை) எடுத்து, குழாய் வழியே 'சோர்ட்', 'யூனிக் -சி', 'சோர்ட் -ஆர்என்', 'ஹெட்' என்று தொடுத்தால், அதிகமாக வந்த பத்து ஐபி முகவரிகள் எண்ணிக்கையுடன் வரும். உங்கள் பக்கம் வருவது பத்து வரி, ஒரு கிலோபைட்டும் இல்லை. சோர்ட் முதலில் வரவேண்டும். யூனிக் அடுத்தடுத்து இருக்கும் ஒத்த வரிகளை மட்டுமே சேர்க்கும்.

தமிழ்த் தரவுடன் வேலை செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. 'பிரின்ட்எஃப்' மூலம் 'வன்னி' என்ற சொல்லை அனுப்பி 'டபிள்யூசி -சி' கொடுத்தால் 15 என்று வரும். '-எம்' கொடுத்தால் 5. நாம் எண்ணினால் மூன்றெழுத்து. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், புள்ளியும் விசிறியும் தனிக் குறிகள். எனவே பைட் கணக்கில் வெட்டும் கட்டளை தமிழை உடைத்துவிடும். தமிழ்ப் பெயருள்ள கோப்பை 'கிட் ஸ்டேட்டஸ்' \340\256\265 என்று எண்களாகக் காட்டினால், 'கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்' என்று ஒருதரம் கொடுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்களில் மட்டும் தமிழில் தேடி ஒன்றும் அகப்படாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கிட்டுக்கும் ஷெல்லுக்கும் ஏலியஸ் என்னும் சுருக்கப் பெயர்களை நூற்றுக்கணக்கில் சேர்ப்போர் உண்டு. நான் ஐந்தாறுக்கு மேல் வைப்பதில்லை. அவசரத்தில் வேறொருவரின் சேர்வரில் நிற்கும்போது அவை அங்கே இரா, முழுக் கட்டளை கைக்கு வராது.

கடைசிப் படி: வயரைக் கழற்றிப் பார்த்தல்

எல்லாவற்றையும் அமைத்த பின்னர், அவசரமில்லாத ஒரு பின்னேரத்தில், டிமக்ஸுக்குள் ஒரு நீண்ட வேலையையும், உங்கள் கணினியில் ஒரு பெரிய ஆர்சிங்கையும் ஓடவிட்டு ரூட்டரின் வயரைக் கழற்றுங்கள். ஏறத்தாழ 90 விநாடியில் எஸ்எஸ்எச் தானாக விலக வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆர்சிங்க் தோற்று மறுமுயற்சியைத் தொடங்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வயரைச் செருகுங்கள். ஆர்சிங்க் பாதியில் இருந்து தொடர்கிறதா, டிமக்ஸுக்குள் வேலை முன்னேறியிருக்கிறதா என்று பாருங்கள். காப்புப் பிரதி ஸ்கிரிப்டையும் சோதனைக் கணினி ஒன்றில் நடுவழியில் மின்சாரத்தை நிறுத்திச் சோதியுங்கள்: கணினி எழுந்ததும் நேற்றைய பிரதி முழுசாகவும், இன்றையது பெயர் மாறாத ஒரு தற்காலிகக் கோப்பாகவும் இருக்க வேண்டும்.